எலுபி சின்னம்மாவின் கடலை மூட்டை

முசிஞ்சி வட்டாரத்தில் தியாமிகேயின் வாய்க்கு அஞ்சாத கடலை வியாபாரி கிடையாது. பேருந்து நிலையத்தில் வறுத்த கடலை விற்றுப் படித்தவள். படிப்பு முடிந்ததும், சிறு விவசாயிகளைப் பெரிய சந்தையோடு சேர்த்துவைக்கும் ஓர் அமைப்பில் வேலைக்குப் போனாள். வீடு வீடாக வந்து கடலை வாங்கி எடையில் ஏமாற்றும் சைக்கிள் வியாபாரிகளைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. "சந்தை நம்ம வாசலுக்கு வந்தா ஏமாத்தத்தான் வரும். நாமே சந்தைக்குப் போவோம்" என்று ஊர் ஊராகப் பெண்களைத் திரட்டிச் சங்கம் அமைத்தாள்.

அந்தப் பேச்சுக்குச் சொந்த ஊரில்தான் சோதனை வந்தது. தலைநகர் லிலோங்வேயில் ஓர் ஆலை சங்கத்துக் கடலையை நேரடியாக வாங்கச் சம்மதித்தது. ஒரே நிபந்தனை, ஈரம் கூடாது. ஈரக் கடலையில் பூஞ்சை பிடிக்கும். ஒரு மூட்டை கெட்டிருந்தாலும் லாரி மொத்தமும் திரும்பிவிடும். அப்புறம் சைக்கிள்காரன் காலில்தான் விழவேண்டும். ஆனால் அந்த ஊரில் ஓடு இளகுவதற்காகத் தண்ணீர் தெளித்தே உரித்துப் பழக்கம். காய்ந்த ஓட்டோடு மல்லுக்கட்டினால் விரல் புண்ணாகிவிடும்.

லாரி வந்த காலையில் எல்லாப் பெண்களின் கட்டைவிரலிலும் துணி சுற்றியிருந்தது. எலுபி சின்னம்மாவின் விரல்கள் மட்டும் மழமழவென்றிருந்தன. அவள் தியாமிகேயின் தாய்க்குத் தங்கை, தாய் போனபின் வளர்த்தவள், சங்கத்தின் தலைவியும்கூட. தியாமிகே நேராக அவளிடம் போனாள்.

"சின்னம்மா, உங்க மூட்டையைப் பிரிங்க."

"உன்னை வளர்த்தவ மேலயே சந்தேகமாடி?"

"வளர்த்தவங்கன்னுதான் கேட்டுப் பிரிக்கிறேன். வேற ஆளுன்னா இதுக்குள்ள கொட்டிப் பார்த்திருப்பேன்."

மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டாள். அடியிலிருந்து ஒரு பருப்பை எடுத்துக் கடித்தாள். நறுக்கென்று உடையாமல் சவசவத்தது.

"இது லாரியில ஏறாது."

பக்கத்து வீட்டு ஃபைனெஸ், "தலைவிக்குத் தனிச் சட்டமோன்னு பார்த்தேன்" என்று முணுமுணுத்தாள். சின்னம்மா யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். தியாமிகே மிச்ச மூட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் ஏற்றினாள்.

மாலையில் ஆலையிலிருந்து தொலைபேசி வந்தது. மொத்தமும் தேறிவிட்டது, அடுத்த அறுவடையையும் எடுத்துக்கொள்வார்களாம். "நல்லது. காஞ்ச கடலை வேணும்னா உரிக்கிற மெஷினை நீங்கதான் அனுப்பணும். எங்க ஆளுங்க விரல் இரும்பில்ல" என்று தியாமிகே அதிகாரமாகவே கேட்டாள். அவர்கள் சரி என்றார்கள்.

அதைச் சொல்லச் சின்னம்மா வீட்டுக்குப் போனாள். சின்னம்மா முகத்தைப் பார்க்காமல் நிசிமாக் களியையும் அவரைக் குழம்பையும் அவள்முன் நகர்த்தி வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே தியாமிகே ஆலைக்காரர்கள் சொன்னதைச் சொன்னாள்.

"அடுத்த தடவையும் முதல்ல என் மூட்டையைத்தான் பிரிக்கணும்" என்றாள் சின்னம்மா.

"இன்னும் கோவமா?"

"கோவம் இருக்கட்டும். எல்லார் முன்னாலயும் என் மூட்டையைப் பிரிச்சாத்தாண்டி வேற எவளும் தண்ணிக் குடத்துப் பக்கம் போகமாட்டா."