ஷிஃப்ட் விட்ட பிறகு

வகுப்பறைச் சுவரில் விழுந்த அந்தப் படம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், ஒரு பள்ளியில் நான் வரலாற்று ஆசிரியன். பிரிட்டனின் தொழில் வளர்ச்சியைப் பாடப்புத்தகத்தை வைத்து நடத்தினால் பிள்ளைகள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். அதனால் அந்த நாட்டு ஆவணக் காப்பகங்கள் இணையத்தில் போட்டிருக்கும் பழைய படங்களைப் புரொஜெக்டரில் காட்டி, யார் எடுத்தது, யாருக்காக எடுத்தது என்று அவர்களையே துருவவிடுவேன்.

ஆங்கில டீச்சர் ஓய்வு நேரத்தில் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். வெள்ளைக்காரனைக் குறை சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். "எங்கப்பா சின்ன வயசுலயே அவங்ககிட்ட சுரங்கத்துல வேலைக்குப் போனவரு சார். மரியாதையா வெச்சிருந்தாங்கன்னு சாகற வரைக்கும் சொன்னாரு" என்பார். அவருடைய பெருமையெல்லாம் அந்த மனிதர்தான். ஞாயிற்றுக்கிழமை அவர் கோட்டு மாட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போன அழகை எத்தனை முறை சொன்னாலும் டீச்சருக்கு அலுக்காது.

அன்று ஒரு மாணவி எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடச் சொன்னாள். தேடினேன். ஒரு படம் வந்தது. ஷிஃப்ட் முடிந்து மேலே வந்த தொழிலாளிகள் முதுகு காட்டி வரிசையாக நின்றார்கள். உடம்பில் பொட்டுத் துணி இல்லை. முன்னால் நின்ற, தோளில் தழும்புள்ள இளைஞர் மட்டும் முகத்தைத் திருப்பி வாயைப் பிளந்திருந்தார். தங்கம் ஒளித்திருக்கிறாரா என்று காவலாளி விரல்விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் தொப்பி போட்ட துரை சிரித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளும் சிரித்துவிட்டார்கள்.

"ஐயோ, அப்பா!"

டீச்சர் ஓடிவந்து சுவரோடு ஒட்டி நின்று, முந்தானையை விரித்து அவரை மறைத்தார். படம் அந்த முந்தானையிலேயே விழுந்தது. லேப்டாப்பை மூட எனக்குக் கை வரவில்லை.

அப்புறம் ஆசிரியர் அறையில் கேட்டார். "அந்தத் தோள் தழும்புல நான் எண்ணெய் தடவியிருக்கேன் சார். வெள்ளைக்காரன் போன பொறகும் இப்பிடித்தான் தேடுனாங்களா?"

பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். முடியவில்லை. "ஆமா மிஸ். எல்லா ஷிஃப்டும்தான்."

டீச்சர் முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டார்.

"சின்னப் பொண்ணா தெனமும் சுரங்கத்து கேட்டுக்கு வெளிய நின்னிருப்பேன் சார். இன்னாப்பா இவ்ளோ லேட்டுன்னு அழுவேன். 'உள்ள குளிச்சிட்டு வந்தேன் கண்ணு'ன்னு சொல்லுவாரு."