அடாத் படி ஏறிய கொலு

ஆறாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் அடாத்தைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இவர் நம் இந்திரன். மெசொபொத்தேமியாவின் மழைக் கடவுள், கையில் மின்னல், காலடியில் காளை. கானான் நாட்டில் இவரைத்தான் பாகால் என்று கும்பிட்டார்களாம். மழையும் வஜ்ராயுதமும் கச்சிதமாகப் பொருந்தின. யானைக்குப் பதில் காளை இருப்பதைச் சின்ன விவரம் என்று ஒதுக்கிவிட்டேன்.

வகுப்பு ப்ராஜெக்டுக்காக அவரைக் களிமண்ணில் செய்தேன். நியூஜெர்ஸியில், எங்கள் வெஸ்ட் வின்ட்சர் வீட்டில் அம்மா அப்போது கொலு அடுக்கிக்கொண்டிருந்தாள். என் கண்டுபிடிப்பை விளக்கி அடாத்துக்கும் ஓர் இடம் கேட்டேன். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, தசாவதார செட்டைக் கொஞ்சம் நகர்த்தி அவரை நிறுத்தினாள்.

சுண்டலுக்கு வந்த ஆன்ட்டி ஒருவர், "இது எந்த ஊரு சாமி?" என்றார்.

"பாபிலோன், ஆன்ட்டி."

"லாங் ஐலண்ட்ல இருக்கே, அதுவா? அங்கயும் கோயில் கட்டிட்டாங்களா?"

ப்ராஜெக்டைக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம், அடாத்தை எடுக்கப் படியில் கை வைத்தேன்.

"தொடாத. கலசம் வச்சாச்சு. விஜயதசமி வரைக்கும் யாரையும் எறக்கக் கூடாது."

"அம்மா, ஹி இஸ் நாட் ஈவன் அவர்ஸ். இட்ஸ் ஜஸ்ட் எ ப்ராஜெக்ட். லேட் ஆனா கிரேடு போயிடும்."

"நீதானடி இந்திரன்னு சொன்ன? உனக்கு கிரேடு வேணும்னா உடனே களிமண்ணா ஆயிடுவாரா?"

அப்பாவைப் பார்த்தேன். "உன் தியரிதானே," என்று சொல்லிவிட்டு அவர் லேப்டாப்பைத் திறந்தார்.

அம்மாவே டீச்சருக்கு மெயில் போட்டாள்: பூஜை முடியும்வரை இந்தக் கடவுளை நகர்த்த முடியாது. மத வழிபாடு என்றால் தாமதத்துக்கு மதிப்பெண் குறைக்க மாட்டோம் என்று மறுநாள் காலையே பதில் வந்தது. கும்பிட ஆளில்லாமல் ஆயிரக்கணக்கான வருஷம் கிடந்தவருக்கு நியூஜெர்ஸிப் பள்ளி ஒன்று சலுகை கொடுத்தது. வகுப்பில் நான் தலை நிமிரவில்லை.

விஜயதசமியன்று மரப்பாச்சிகளோடு அடாத்தையும் அம்மா படுக்க வைத்தாள்.

அவளுக்கு என் தியரி புரியவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். எனக்கு அது, எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று டிக் போடும் வேலை. ஒருவரை இந்திரன் என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் அவரிடம் இந்திரனிடம் போலத்தான் நடந்துகொள்ள வேண்டும் என்பது என் தலைக்கு எட்டவில்லை.

இந்த வருஷக் கொலுவுக்கு இன்னும் இரண்டு இடி மின்னல் கடவுள்களை, கிரேக்கர்களின் ஸீயஸையும் பழங்கால ஹுரியர்களின் தெஷூபையும் செய்துகொண்டிருக்கிறேன். யார் உறவு, யார் வெறும் சாயல் என்று அம்மாவோடு பேசித் தீர்த்த பிறகே படி ஏற்றுவதாக இருக்கிறேன்.