ஜல்லியில் பூத்த ஊதாப்பூ

தெருவில் எல்லோருக்கும் அவள் வெல்டிங் அக்கா. பகல் முழுக்கக் இரும்புக் கேட்டும் கிரில்லும் பற்றவைத்துவிட்டு வீடு திரும்பினாலும் கை சும்மா இருக்காது. வீட்டுக்குப் பின்னால், பழைய சுவரை இடித்துக் கொட்டிய நாலடித் தரையில் பூச்செடி வளர்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. செங்கல் தூளும் சிமெண்டுக் கட்டியுமாகக் கிடந்த இடம். ரோஜா வைத்தாள்; பத்தே நாளில் கருகிப்போனது.

ஒருநாள் ரயில் பாதையோரம், ஜல்லிக்கு நடுவே, பெயர் தெரியாத ஊதாப்பூச் செடியொன்று தேனீ மொய்க்க நிற்பதைக் கண்டாள். ஜல்லியிலேயே பூக்கிறதே, நம் மண்ணுக்கு என்ன குறைச்சல் என்று தோன்றியது. பூ காய்ந்து விதை முற்றும்வரை பொறுத்திருந்து, டிபன் பாக்ஸில் உதிர்த்துக்கொண்டு வந்தாள். தரையைக் கொஞ்சம் கிளறித் தூவினாள். முளைக்கும்வரை தண்ணீர் தெளித்தாள். உரம் கிரம் எதுவும் போடவில்லை.

முதல் வருடம் பூவே இல்லை, தரையோடு ஒட்டிய இலைகள்தான். மாடியில் குடியிருந்த நாத்தனாருக்கு அது வெறும் களை. அக்கா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஆள்விட்டு அத்தனையையும் செதுக்கிப் போட்டுவிட்டாள். வந்து பார்த்த அக்கா செதுக்கிப் போட்ட இடத்தில் உட்கார்ந்தாள். குனிந்து விரலால் மண்ணை விலக்கினாள். வேர் கட்டைவிரல் தடிமனுக்கு, இழுத்தாலும் அசையாமல், ஆழமாக இறங்கியிருந்தது.

படியில் நின்ற நாத்தனாரிடம் அவள் சண்டைக்குப் போகவில்லை. "வெட்டினது வெட்டினதாவே இருக்கட்டும் அண்ணி. வேரை மட்டும் தொடாதீங்க" என்றாள்.

அடுத்த வருடம் செடி இடுப்புயரம் எழும்பிப் பூத்துத் தள்ளியது. கோடையில் குழாய் வறண்டபோதும் அது தலை தொங்கவில்லை. விடிந்தால் தேனீ இரைச்சல்தான். கொட்டிவிடும் என்று நாத்தனார் ஜன்னலைச் சாத்தியே வைத்தாள். ஆனால் மொட்டைமாடித் தொட்டியில் அவள் வளர்த்த பூசணி, அதுவரை பிஞ்சிலேயே வெம்பி விழுந்துகொண்டிருந்ததுதான், தேனீ அதன் பூவுக்கும் போய்வந்ததில் அந்த மாதம் மூன்று காய் பிடித்தது.

ஒரு காயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நாத்தனார் இறங்கி வந்தாள். வெயில், தண்ணீர் என்று எதையெதையோ பேசினாள். கடைசியில், "அந்த ஊதாப்பூ விதை கொஞ்சம் இருக்குமா?" என்றாள்.

அக்கா எதையும் குத்திக்காட்டவில்லை. காய்ந்த பூக்களைக் கசக்கி, நாத்தனாரின் முந்தானை நிறையப் போட்டாள்.