இத்தாலி முறைப்படி ஒரு மொட்டு

என் கணவர் முப்பது வருடம் ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் ஊதியவர். ஓய்வு பெற்றால் மனிதர் சும்மா உட்காருவார் என்று நினைத்தேன். மானகிரியில் எங்கள் கொல்லைக் கொட்டகையில் மறுபடி தீயைப் பற்றவைத்துவிட்டார். இத்தாலிக்காரர்கள் கண்ணாடியை ஊதி, இடுக்கியால் இழுத்துப் பூவாக்கும் பழைய முறையை வீடியோ பார்த்தே படித்தார். முதல் ஆறு மாதம் செய்ததெல்லாம் பூவென்று அவர் சொல்லித்தான் தெரியும்.

பிறகு கை படிந்தது. நெற்குப்பை ஊரில் ஒரு பெரிய வீட்டு ஆச்சி கூப்பிட்டு அனுப்பினார். அவர்கள் கூடத்து இத்தாலிச் சரவிளக்கில் ரோஸ் நிறப் பூ ஒன்று உடைந்திருந்தது. தன் வீட்டுக்காரரின் அறுபதாம் கல்யாணத்துக்குள் அது வேண்டும் என்றார். அந்த நிறக் கண்ணாடிக் குச்சி இத்தாலியிலிருந்து வரவேண்டும். ஒரு பூவுக்கு மட்டுமே கையில் இருந்தது. பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி இவருக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழன் சாயங்காலம் பூ வந்துவிட்டது. அப்படி ஓர் அழகு! சூடு மெல்ல இறங்கட்டும் என்று சின்ன மின்சூளைக்குள் வைத்து மூடினார்.

"நாளைக்குப் பதினொண்ணரைக்குத் தெறக்கலாம். அதுக்கு முன்ன தொட்டுறாத."

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். சொன்னால் கேட்கிற மனிதரா? அவர் கேஸ் வாங்கக் காரைக்குடி போயிருந்தபோது, பத்தேகாலுக்கு, சாமியைக் கும்பிட்டுவிட்டு நானே திறந்தேன். 'டிக்' என்றது. சூடு முழுக்க ஆறாத பூ பிளந்து சிதறியது.

வந்து பார்த்தார். "ராகு காலமாச்சேன்னு..." என்று இழுத்தேன். திட்டியிருந்தால் தேவலை. துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போய் மறுபடி உருக்கி ஊதினார். சிதறியது போக மிஞ்சியது ஒரு மொட்டுக்குத்தான் கண்டது.

கல்யாணத்துக்கு முதல் நாள் அதை விளக்கில் மாட்டினோம். ஆச்சி அண்ணாந்து பார்த்தார்.

"என்னண்ணே, பூக் கேட்டேன், மொட்டு மாட்டியிருக்கீக?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "முறையே அதுதான் ஆச்சி. இத்தாலியில எத்தனை பூ வச்சாலும் ஒரு மொட்டு விடுவாக."

பொய் சொன்னால் காது சிவந்துபோகும் மனிதர். அன்றும் சிவந்தது. எனக்காகச் சிவந்த காதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் பந்தியில் ஆச்சி ஒவ்வொருவரையும் அண்ணாந்து பார்க்கச் சொல்லி இத்தாலி முறையை விளக்கிக்கொண்டிருந்தார். நான் இலையிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. பக்கத்து இலையிலிருந்து இவர் என் பக்கம் சாய்ந்தார்.

"அடுத்த தடவை நேரத்தை நீயே குறிச்சுக் குடு. சூளைய மட்டும் நான் தெறக்குறேன்."