அண்ணி போட்ட ரேட்

என் அண்ணி வீடியோ எடிட்டர். எந்தக் கம்பெனியிலும் இல்லை, வீட்டிலிருந்தே சொந்தமாக வேலை. நான் கேமராமேன். நான் எடுத்துத் தள்ளியதை எல்லாம் அவர் உட்கார்ந்து வெட்டி, கோத்து, மனிதர்கள் பார்க்கிற மாதிரி ஆக்குவார். "பதினோரு மணி நேரம் எடுத்திருக்க, மூணு நிமிஷம்தான் உருப்படி" என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடிய ஒரே ஆள். அப்படித் திட்டு வாங்கியும் அவர்மேல் எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போவது ஏன் என்று என் அண்ணனுக்குப் புரிவதில்லை.

படுக்கையறையில் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நாலடி இடம். அதுதான் அவருடைய ஆபீஸ். திரையில் வெயில் அடிக்காமலிருக்க ஜன்னலில் பழைய போர்வை. இரண்டு திரைகளில் ஒன்றில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. கட்டிலின் ஓரத்தில் எட்டு வயது மகள் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதுவாள். மருந்துக்கடையில் வேலை செய்யும் அண்ணனின் சம்பளம் வாடகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சரியாகப் போய்விடும். சாப்பாடு முதல் சோப்பு வரை மற்றதெல்லாம் அந்த நாலடியிலிருந்து வந்தாக வேண்டும்.

எங்கள் தொழிலில் எடிட்டர்களுக்கு ஒரு கேடுகெட்ட வழக்கம் இருக்கிறது. முடிந்த வீடியோ எத்தனை நிமிடம் ஓடுகிறதோ அத்தனை நிமிடத்துக்குத்தான் கூலி. இதை ஆரம்பித்து வைத்த புண்ணியவானை ஒருநாள் நேரில் பார்க்க எனக்கு ஆசை.

அண்ணிக்கு வரும் நாலு வேலையில் மூன்று ஒரே ஆளிடமிருந்து வந்தது. கம்பெனிகளுக்கு விளம்பரப் படம் செய்து தருபவர். "ஒரு சின்னக் கரெக்‌ஷன்மா" என்றுதான் போனில் பேச்சையே தொடங்குவார். ஏழாவது தடவையும் அது சின்னக் கரெக்‌ஷன்தான். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே அதுவாகிவிட்டது. போன் அடித்தால் மகள், "அம்மா, சின்னக் கரெக்‌ஷன் கூப்பிடுறாரு" என்று கொண்டுவந்து நீட்டுவாள். மற்றபடி நல்ல மனிதர், சொன்ன நாளில் பணம் போட்டுவிடுவார். கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ கும்பிடு போட்டு விட்டிருக்கலாம்.

ஒரு டைல்ஸ் தொழிற்சாலைப் படம் வந்தது. நான் எடுத்தது பதினோரு மணி நேரம். அதில் நாற்பது நிமிடம் நான் கேமராவை அணைக்க மறந்து சாப்பிடப் போனது. நடுவில் உபயோகமாக ஏதாவது சிக்கும் என்று அதையும் அண்ணி கடைசிவரை பார்த்தார். மூன்று நிமிடப் படம் தயாரானது.

"பிரமாதம்மா. ஒரு சின்னக் கரெக்‌ஷன். பாதியாக்கிடுங்க" என்றார் அவர்.

மூன்று நிமிடத்தை ஒன்றரை ஆக்குவதற்குக் கட்டிய வீட்டை இடித்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். இசை, பேச்சு, எழுத்து எல்லாம் புதிதாக. ஐந்து நாள் இழுத்தது. முடித்து அனுப்பியதும் அன்றைக்கே பணம் வந்தது, ஒன்றரை நிமிடத்துக்கு. வேலை இரண்டு மடங்கு, கூலி பாதி. அவர் ஏமாற்றவில்லை, வழக்கப்படி சரியாகவே கணக்குப் போட்டிருந்தார். அண்ணி போனைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு எழுந்துபோய் அடுப்படியிலிருந்த டைமரை எடுத்துவந்து மேசையில் வைத்தார்.

ஆறு வாரம் அது ஓடியது. நாற்காலியில் உட்கார்ந்தால் தட்டுவார், எழுந்தால் நிறுத்துவார். எடுத்ததைப் பார்க்க எவ்வளவு, வெட்ட எவ்வளவு, சத்தத்தைச் சரிசெய்ய எவ்வளவு, கரெக்‌ஷனுக்கு எவ்வளவு என்று பீரோக் கதவின் உள்பக்கம் காகிதம் ஒட்டி எழுதினார். நாங்கள் எடுத்ததைப் பார்ப்பதை அவர் இத்தனை வருடமும் வேலையாகவே நினைக்கவில்லை. மொத்த நேரத்தில் பாதியைத் தின்றது அதுதான்.

ஆறாவது வாரம் கூட்டிப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு அவருக்குக் கிடைத்தது, தெருமுனையிலிருக்கும் முடிதிருத்தும் கடையில் ஒரு தலைக்கு வாங்குவதில் பாதி.

"அவரும் வெட்டுறாரு, நானும் வெட்டுறேன். அவர்கிட்ட யாரும் முடி எவ்வளவு கீழ விழுந்துச்சுன்னு அளந்து காசு குடுக்கல" என்றார்.

அப்புறம் நாள்கூலி ஒன்று போட்டார். மின்சாரம், பச்சைக் கோட்டுத் திரைக்கு மாற்று, மென்பொருளுக்கு மாதாமாதம் கட்டுவது, காய்ச்சலில் படுக்கும் நாள்கள், வேலை வராத நாள்கள் எல்லாம் அதில் அடக்கம். கரெக்‌ஷன் இரண்டு தடவை இலவசம், மூன்றாவதிலிருந்து அதற்கும் நாள்கூலி. காகிதத்தை வாங்கி நானும் ஒரு தடவை கூட்டிப் பார்த்தேன்.

"அண்ணி, இவ்வளவு கேட்டா ஓடிடுவாங்க."

"உன் கேமராவுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வாங்குற?"

சொன்னேன்.

"அதுல எத்தன நிமிஷம் படத்துல வந்துச்சுன்னு யாராவது கேட்டாங்களா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அடிமாட்டு விலைக்கு அவரை வேலை வாங்கிய கூட்டத்தில் நானும்தான் இருந்தேன், என் சொந்த வேலைகளுக்கு "வீட்டு ஆள்தானே" என்று அதிலும் குறைத்துக்கொண்டு.

சின்னக் கரெக்‌ஷனின் ஆபீசுக்கு என் பைக்கில்தான் போனோம். அவர் காகிதத்தை மேலும் கீழும் பார்த்தார். பேனாவை எடுத்து, "இதுல ஒரு சின்னக் கரெக்‌ஷன் பண்ணிக்கலாமா" என்றார்.

"பண்ணிக்கலாம் சார். நாள் எத்தனைங்கறதப் பேசலாம். நாள்கூலி மட்டும் அதேதான்."

அவர் பேனாவை மூடினார். அதோடு வேலையும் நின்றது.

இரண்டு மாதம் அவரிடமிருந்து போன் இல்லை. சின்னச் சின்ன வேலைகளை வைத்து அண்ணி ஓட்டினார். பால் பாக்கெட் இரண்டு ஒன்றானது. இரண்டாவது மாதக் கடைசியில், அண்ணி முன்பு வேலை பார்த்த பழைய கம்பெனி திரும்பக் கூப்பிட்டது. வாரம் ஆறு நாள், காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது. மாதச் சம்பளம் உறுதி, ஆனால் மகளை விழித்த நிலையில் ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க முடியும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பதில் வேண்டும் என்றார்கள்.

அதற்கு முன்பே அந்த விளம்பர வேலைகள் போன இடமும் தெரிந்திருந்தது. பழைய கம்பெனியில் அண்ணிக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த மனிதர், எதற்கும் "பரவாயில்ல" என்பதால் பரவாயில்லை என்றே பெயர் வாங்கியவர், அவரே கூப்பிட்டுச் சொன்னார். "பழைய ரேட்டுதான் தர்றாங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்க. எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கங்க. ஒரு டைமர் மட்டும் வெச்சுக்கங்க" என்று, பீரோக் கதவிலிருந்த காகிதத்தைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பினார் அண்ணி.

நான் கத்தினேன். உங்கள் சோற்றை எடுக்கிறவனுக்குக் குழம்பையும் ஊற்றுகிறீர்களே என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பரவாயில்லை இரண்டு படம் செய்தார். மூன்றாவது வந்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக, பரவாயில்லை என்று சொல்லாமல் அண்ணியின் நாள்கூலியையே கேட்டார்.

கம்பெனிக்குப் பதில் சொல்ல ஒருநாள் இருக்கும்போது, வியாழக்கிழமை மத்தியானம், சின்னக் கரெக்‌ஷன் போன் செய்தார். அண்ணி ஸ்பீக்கரில் போட்டார்.

"நீங்க கேட்டத நான் தர்றேன்மா. உங்களுக்கு மட்டும். அவருக்குத் தெரிய வேணாம். அவர் பழைய ரேட்டுலயே செய்யட்டும்."

வேலை திரும்பி வந்துவிட்டது. 'சரி' என்று ஒரு வார்த்தை போதும். நானும், சாப்பிட வந்திருந்த அண்ணனும் போனுக்குப் பக்கத்தில் வந்து நின்றோம்.

"அது என் ரேட் இல்ல சார், வேலையோட ரேட். அவர் செஞ்சாலும் அதேதான்."

"யோசிச்சு சொல்லுங்க."

"யோசிச்சுதான் சொல்றேன் சார்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தார். மறுநாள் காலை அண்ணி பழைய கம்பெனிக்கு இரண்டே வரியில் 'வர இயலாது' என்று எழுதினார். சின்னக் கரெக்‌ஷனிடமிருந்து அதுவரை ஒரு சத்தமும் இல்லை.

சாயங்காலம் நாலு மணிக்குப் போன் அடித்தது. பரவாயில்லைதான். "நாள்கூலிக்கு ஒத்துக்கிட்டாங்க. இனிமே எல்லாருக்கும் அதானாம். ஆனா முதல் வேலைய எனக்குக் குடுத்துட்டாங்க. உங்களுக்குக் குடுக்காம, உங்க மேல கோவத்துல..."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அண்ணியோ பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எத்தன மணி நேரம் எடுத்திருக்காங்க?"

"ஒன்பது."

"எத்தன நாள் போட்டுக் குடுத்தீங்க?"

"அஞ்சு."

"ஏழு போடுங்க. பாக்குற நேரத்த விட்டுட்டீங்க."