பதினேழாம் வண்டியின் இரண்டு மணி

கோல்ஃப் மைதானத்தில் அவரை எல்லோரும் மீட்டர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வேலைக்கோட்டின் பையில் எப்போதும் மின்சாரம் அளக்கும் ஒரு மஞ்சள் மல்டிமீட்டர் துருத்திக்கொண்டிருக்கும் என்பது ஒரு காரணம். ஆளைப் பார்க்கிற பார்வையே மீட்டர் வைத்துப் பார்ப்பது போல இருக்கும் என்பது இன்னொன்று.

வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். பால் பாக்கெட்டில் அச்சடித்த தேதியை நம்பாமல் மோந்து பார்ப்பார். தையல் கடை வைத்திருந்த அவருடைய வீட்டுக்காரர், "கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆச்சு. நான் இன்னும் விசாரணையிலதான் இருக்கேன்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அக்கா சிரிக்க மாட்டார்.

இருபத்து நான்கு மின்சார வண்டிகள் நிற்கும் கொட்டகை அவர் பொறுப்பு. அந்த வேலைக்கு இந்தக் குணம் நன்றாகவே பொருந்தியது. பழைய ஈய பேட்டரிகள் இருந்த காலத்தில் ஒவ்வொரு மூடியாகத் திறந்து, தண்ணீர் மட்டம் பார்த்து, எது கெடப்போகிறது என்பதை அது கெடுவதற்கு முன்பே சொல்லிவிடுவார். வெயிலில் பாதி வழியில் வண்டி நின்று போய் விளையாட வந்தவர்கள் தள்ளிக்கொண்டு வந்தது, அவர் பொறுப்பேற்ற ஒன்பது வருடத்தில் இரண்டே முறை.

பிறகு லித்தியம் வந்தது. வண்டிக்கு ஒரு பெட்டி. நாலு பக்கமும் மூடி ஒட்டப்பட்ட கறுப்புப் பெட்டி. பொருத்த வந்த கம்பெனிப் பொறியாளர் ரொம்ப உற்சாகமாகப் பேசினார்.

"தண்ணி ஊத்த வேணாம், அமிலம் வழியாது. உள்ளே பதினாறு செல் இருக்கு. ஒவ்வொண்ணும் எப்படி இருக்குன்னு போனே சொல்லிடும்மா."

"போன் பொய் சொன்னா அதை யார் சொல்லுவா?" என்றார் அக்கா.

பொறியாளர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அவர் போனதும் அக்கா மீட்டரை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பார்த்தார். மீட்டர் அவரைக் கைவிட்டது. பழைய பேட்டரியில் வோல்ட்டைப் பார்த்தால் மிச்சம் எவ்வளவு என்று ஓரளவு தெரிந்துவிடும். இது பாதி தீர்ந்தாலும் வோல்ட் அசையாமல் நின்றது. கடைசியில்தான் சட்டென்று விழுந்தது. உள்ளே போகிற மின்சாரத்தையும் வெளியே வருகிற மின்சாரத்தையும் பெட்டியே அளந்து சொல்லும் சதவீதத்தை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. அக்காவுக்கு அது பழக ஆறு மாதம் ஆனது. பழகிய பிறகோ, போனில் வருவதுதான் வேதவாக்கு என்கிற அளவுக்குப் போய்விட்டார். எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவருக்கு எங்கேயாவது ஒரு இடத்தில் சாய்ந்துகொள்ள வேண்டியிருந்ததோ என்னவோ.

பதினேழாம் வண்டி கிளப்புடையது அல்ல. பல் டாக்டர் ஒருவருடைய சொந்த வண்டி. கொட்டகையில் நிற்கும், அக்கா பார்த்துக்கொள்வார். செவ்வாய், வியாழன், சனி காலை பத்து மணிக்கு டாக்டர் வருவார். மற்ற நாட்களில் அதை யாரும் தொடக்கூடாது. மழைக்காலம் முடிந்தபோது வண்டி மேடு ஏறும்போது அந்தப் பெட்டியில் ஒன்பதாவது செல்லின் வோல்ட் மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்வதை அக்கா போனில் பார்த்துவிட்டார். கம்பெனி மாற்றுப் பெட்டி அனுப்பியது. கூட வந்த காகிதத்தில் படிப்படியாக எழுதியிருந்ததைப் பார்த்து, ஆளை வரவழைக்காமல் அவரே பொருத்தினார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

அடுத்த வாரம்தான் அந்தச் சிவப்பு வரி வந்தது.

மாலை ஐந்து மணிக்கு வண்டிகளெல்லாம் சார்ஜில் நின்றபின், அக்கா போனை ஒவ்வொரு வண்டிக்கும் பக்கத்தில் கொண்டுபோய் அன்றைய பதிவை எடுப்பார். வேலை நேரத்தில் வண்டி ஓடியிருந்தால் அந்த வரி கறுப்பாகவும், அதற்கு வெளியே ஓடியிருந்தால் சிவப்பாகவும் வரும். பதினேழாம் வண்டி அந்தச் செவ்வாய் அதிகாலை 2.06 முதல் 3.58 வரை ஓடியிருந்தது. வியாழனும் அதே மாதிரி. சனியும்.

மைதானத்துக்குள் அந்த நேரத்தில் இருப்பது ஒரே ஒரு ஆள், காவலாளி. அந்தக் காவலாளி அக்காவின் கொழுந்தன். வீட்டுக்காரரின் கடைசித் தம்பி. எந்த வேலையிலும் ஒரு வருடம் தாண்டாதவன். "இவன் ஒழுங்கா இருப்பான், நான் பொறுப்பு" என்று மேனேஜரிடம் சொல்லி அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அக்காதான். வாங்கிக் கொடுத்த நாளிலிருந்தே அவருக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. இப்போது அது வாயைத் திறந்து பேச ஆரம்பித்தது.

ஏன் அந்த மூன்று நாள் மட்டும்? யோசித்ததும் அவருக்கே பதில் கிடைத்தது. டாக்டர் வருவதற்கு முந்தின மாலைதான் அக்கா அந்த வண்டியை முழுதாகச் சார்ஜ் செய்வார். அது கொழுந்தனுக்கும் தெரியும். சாவி? இந்த வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி சாவிதான். ஒன்று இருந்தால் எதையும் ஓட்டலாம். எல்லாம் அச்சுப் பிசகாமல் பொருந்தியது.

காலை ஆறு மணிக்கு அக்கா வரும்போது கொழுந்தன் வேலை முடித்துக் கிளம்புவான். திங்கட்கிழமை காலை கேட்டருகே அவனைப் பிடித்தார்.

"கண்ணெல்லாம் செவந்திருக்கே. தூங்கலையா தம்பி?"

"வாட்ச்மேன் தூங்கலாமா அண்ணி? நீங்களே திட்டுவீங்க."

"இல்ல, எங்கேயாவது சுத்திட்டு இருந்தியோன்னு கேட்டேன்."

"சுத்தறதுதானே வேலை," என்று சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

அந்தச் சிரிப்பு அக்காவை நாள் முழுக்க அரித்தது. சாயங்காலம் பதினேழாம் வண்டியின் பின் சக்கரத்துக்கும் சுவரில் இருந்த ஆணிக்கும் நடுவே, வீட்டுக்காரரின் கடையிலிருந்து எடுத்து வந்த கறுப்பு நூலைக் கட்டினார். டயரில் தரையை ஒட்டி ஒரு சாக்பீஸ் கோடும் போட்டார். செவ்வாய் காலை வந்து பார்த்தால் நூல் அறுபடவில்லை. கோடு நகரவில்லை. அக்காவுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. ஆனால் மாலையில் போன் 2.04 என்றது. சிவப்பாக.

வேறு யாராக இருந்தாலும் அங்கே நின்று யோசித்திருப்பார்கள். அக்கா யோசித்த விதம் வேறு. 'நூலைப் பார்த்துட்டு அவிழ்த்து மறுபடி கட்டியிருக்கான். கோட்டுல சரியா கொண்டுவந்து நிறுத்தியிருக்கான். நான் நினைச்சதைவிடப் பெரிய கைகாரன்.' அதோடு நிற்கவில்லை. நூல் எடுத்ததை வீட்டுக்காரர் பார்த்திருப்பார், தம்பியிடம் சொல்லியிருப்பார் என்று தோன்றியது. அன்று சாப்பிடும்போது, "தம்பிகிட்ட பேசினீங்களா?" என்று கேட்டார்.

"நேத்துப் பேசினேன். ஏன்?"

"என்ன பேசினீங்க?"

"அண்ணன் தம்பி பேசறதுக்கும் உங்கிட்ட மனு போடணுமா?" என்று அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். அதுவும் அக்காவின் மனப் பதிவில் ஒரு சிவப்பு வரியாக ஏறியது.

அடுத்த நாள் மேனேஜரிடம் போனார். சொல்லாமல் மறைத்து, பின்னால் தெரியவந்தால் தன் பெயரும் சேர்ந்து கெடும் என்று நினைத்தார். நினைத்தது தவறில்லை. போனைப் பார்த்த மேனேஜர், "நீங்க சொந்தக்காரங்கன்னு பார்க்காம சொன்னீங்க பாருங்க, அதுதான் நேர்மை" என்றார். அன்று மாலை வேலைக்கு வந்த கொழுந்தனைக் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். கொட்டகை வாசலில் நின்ற அக்காவை அவன் தூரத்திலிருந்தே பார்த்தான்.

"அண்ணி, நான் அந்த வண்டியைத் தொட்டதே இல்ல!"

அக்கா கொட்டகைக்குள் திரும்பினார். போனில் இருக்கிறது, பிறகு என்ன பேச்சு?

வேறொரு காவலாளி வந்தான். வியாழன் மாலை பதிவில் மறுபடியும் சிவப்பு. அக்கா தேதியை இரண்டு முறை சரிபார்த்தார். ஆனாலும் அவர் மனசு சும்மா இருக்குமா? 'புதுசா வந்தவனை வளைச்சுட்டான். இல்லேன்னா கள்ளச்சாவி செஞ்சு வச்சிருக்கான், வேலியைத் தாண்டி வரான்.' மேனேஜரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு டாக்டர் விளையாட்டை முடித்து வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். தொப்பியால் விசிறிக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, இன்னிக்கு இந்த ரவுண்டுக்கு எத்தனை சதவீதம் தின்னிருக்கு? கடைசி மேட்டுல நின்னுடுமோன்னு எனக்கு எப்பவும் ஒரு பயம்."

இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. அக்கா போனை வண்டிப் பக்கம் நீட்டிப் பதிவைத் திறந்தார். இன்றைய தேதி. 2.05 முதல் 3.57 வரை, முப்பத்தொரு சதவீதம். சிவப்பு. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

"பத்து மணிக்குத்தானே டாக்டர் எடுத்தீங்க?"

"பத்து அஞ்சுக்கு. ஏன்?"

பத்து மணிக்கு எடுத்த வண்டிக்குப் பத்து மணி வரி எங்கே? அக்கா முந்தின நாட்களைப் புரட்டினார். வியாழன், செவ்வாய், போன சனி. ஒரு நாளில்கூடப் பத்து மணிக்கு வண்டி ஓடவே இல்லை. அவரே கண்ணால் பார்த்து, கை காட்டி அனுப்பிய வண்டி. இத்தனை நாள் அவர் சிவப்பு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பு வரி இருக்கிறதா என்று ஒரு நாளும் தேடவில்லை.

"முப்பத்தொண்ணு. பயப்படாதீங்க," என்று டாக்டரை அனுப்பிவிட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பது. அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். பயிற்சித் திடலை ஒரு சுற்று சுற்றி வந்து நிறுத்தி, போனைப் பார்த்தார்.

4.40.

எட்டு மணி நேரம் பின்னால். பெட்டிக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது யாரும் நேரம் வைக்காமல் தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. மற்ற இருபத்து மூன்றுக்கும் பொறியாளர் அன்று வந்தபோதே நேரம் வைத்துவிட்டார். அலமாரியைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். பதினொன்றாவது படி: பெட்டியின் நேரத்தைப் போனின் நேரத்தோடு ஒத்துவைக்கவும். மாற்றிய அன்று போனின் மூலையில் சரியான மணி தெரிந்ததைப் பார்த்து, அதுதான் பெட்டியின் மணியும் என்று தாண்டிப் போயிருக்கிறார்.

முதலில் பெட்டியின் நேரத்தைப் போனின் நேரத்தோடு ஒத்துவைத்தார். பிறகு நேரே மேனேஜர் அறைக்குப் போனார்.

மேனேஜர் கேட்டுவிட்டு மோவாயைத் தேய்த்தார். "கம்பெனிப் பெட்டியில கோளாறுன்னு எழுதிடலாம். உங்க பேர் எதுக்கு?"

"கோளாறு பெட்டியில இல்ல சார். பொருத்தினது நான். அப்படியே எழுதுங்க. என் கையெழுத்தோட எழுதுங்க. நாளைக்கே அவனைக் கூப்பிடணும்."

மேனேஜர் எழுதிய காகிதத்தின் ஒரு பிரதியை மடித்து எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் கொழுந்தன் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த ஓரகத்தி "வாங்க" என்று சொல்லவில்லை. ஒதுங்கி நின்றாள், அவ்வளவுதான். கொழுந்தன் தரையில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், நூல் கட்டியது உட்பட.

"நூலா?" அவன் நிமிர்ந்தான். "நான் பார்க்கவே இல்லையே அண்ணி."

"அது அறுபடாம இருந்துச்சு. அதையும் உன் மேலதான் போட்டேன்."

அவன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே."

"எங்க கேட்டீங்க? தூங்கலையான்னு கேட்டீங்க. வண்டியை எடுத்தியான்னு கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன்."

"சொன்னா நம்பியிருக்க மாட்டேன் தம்பி," என்றார் அக்கா. அதை அவர் மறைக்கவில்லை.

உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம் தேவைக்கு மேல் பலமாகக் கேட்டது. கொழுந்தன் காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தான். "உங்க பேர் போட்டிருக்கு," என்றான். காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமையிலிருந்து மறுபடி வேலைக்கு வந்தான். ஆனால் ஆறு மணிக்குச் சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறிப் போகிற பழக்கம் நின்றுபோனது. கொட்டகைக்குள் வந்து, இருபத்து நான்கு வண்டியின் பதிவையும் அக்கா போனில் காட்டக் காட்ட ஒவ்வொன்றாகப் படிப்பான். நேரத்தைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிடுவான். ஒரு நோட்டில் இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கிளம்புவான். ஒருமுறை வண்டி எண்ணை அவசரமாகத் தாண்டியபோது, "பன்னெண்டை விட்டுட்டீங்க அண்ணி" என்றான். அக்கா திருப்பிக் காட்டினார்.

நாலு மாதம் கழித்து அவனுக்கு ஒரு ஆஸ்பத்திரி வாசலில் பகல் வேலை கிடைத்தது. சொல்லிக்கொள்ள வந்தபோது அண்ணனுக்கும் அண்ணிக்கும் இனிப்பு வாங்கி வந்தான், நன்றாகத்தான் பேசினான். அவன் போனபின் வீட்டுக்காரர், "பகல் வேலைன்னா யாருக்குத்தான் பிடிக்காது? இனி ராத்திரி வீட்டுல தூங்கலாம்ல" என்றார்.

அக்கா தலையாட்டினார். அது உண்மையான காரணம் என்று அவர் நம்பவில்லை. கொழுந்தனிடம் நேரடியாகக் கேட்டுவிடலாமா என்று பல நாள் நினைத்தார். இதுவரை கேட்கவில்லை.