திருச்செங்கோட்டுக்கு ஒரு சாவி ரயில்

1936 தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, விடிகாலை. மதராஸிலிருந்து வந்த மெயில் என்னைச் சேலம் ஜங்ஷனில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. என் கையில் ஒரு படுக்கைச் சுருளும் ஒரு தகரப் பெட்டியும் இருந்தன. பெட்டிக்குள் ஒரு ரயில் இருந்தது.

வாசகர்கள் பயப்பட வேண்டாம். சாவி கொடுத்தால் ஓடுகிற ஜெர்மனி ரயில்தான். எஞ்சின் ஒன்று, மூடியில்லாத சரக்கு வண்டிகள் மூன்று, அடுக்கிக் கட்டிய தண்டவாளங்கள். நாற்பது வயதுக்காரனுக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் எனக்குப் பழக்கம். மெயிலில் சக்கரங்களைத் துடைப்பதற்காகப் பெட்டியைத் திறந்தபோது எதிரே இருந்த பெரியவர், "பையனுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். எனக்குப் பையன் இல்லை, கல்யாணமே ஆகவில்லை. நிஜத்தைச் சொன்னால் அரக்கோணத்தில் தொடங்கி ஜோலார்பேட்டை வரை விளக்க வேண்டியிருக்கும். திருவல்லிக்கேணியில் ஒற்றை அறை, அச்சுக்கூடத்தில் பிழை திருத்தும் வேலை, சாயங்காலம் இந்த ரயில். இதில் விளக்க என்ன இருக்கிறது?

மெயில் நிற்காத ஊருக்குப் போவதால் பாசஞ்சருக்குக் காத்திருந்தேன். சங்ககிரி துர்க்கம் இருபத்து நான்கு மைல். வீரபாண்டி ரோடு, மாவெலிப்பாளையம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மூச்சு வாங்கிக்கொண்டு வண்டி போயிற்று. இரு பக்கமும் சிவந்த மண், கிணற்று மேடு, கமலை இழுத்துத் தண்ணீர் இறைக்கும் மாடுகள், வெடித்து நிற்கும் பருத்திச் செடி. நடுவே யாரோ இறக்கி வைத்துவிட்டுத் திரும்ப எடுக்க மறந்தது மாதிரி தனித்தனிக் கரட்டுக் குன்றுகள். இவ்வளவு வெட்டவெளியைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும். என் அறையில் கைநீட்டினால் சுவர்.

நான் போனது செங்கோடன் என்பவரைப் பார்க்க. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் தோட்டம், கிணறு, மாடு கன்று உள்ள விவசாயி. போன வருஷம் ஒரு நில வழக்குக்காக மதராஸ் வந்தவர், மவுண்ட் ரோட்டில் ஒரு பொம்மைக் கடையில், நான் எடுக்கக் கை நீட்டிய அதே சிக்னல் கம்பத்துக்குக் கை நீட்டினார். கடையைச் சாத்தும் வரை பேசினோம். சக்கரத்துக்குத் தேங்காய் எண்ணெயா, விளக்கெண்ணெயா? வெயிலில் தண்டவாளம் நெளிந்தால் என்ன செய்வது? அவருடைய சுரங்கத்துக்குள் குடும்பம் நடத்தும் பல்லியை எப்படிக் கிளப்புவது? இப்படியெல்லாம் குறைப்பட்டுக்கொள்ள எனக்கு அதுவரை ஒரு ஆளும் கிடைத்ததில்லை. கடைசியில், என் வண்டி மதராஸ் சரக்கு வண்டியாக அவருடைய ரயில் பாதைக்குள் நுழைந்து அவருடைய ஸ்டேஷனில் நிற்க வேண்டும் என்று முடிவாயிற்று. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இத்தனை பிரயாணம். அதற்கும் இந்தச் சனி, ஞாயிறு விட்டால் வேளை இல்லை. அவர் ரயில் ஓட்டும் கொட்டகைக்குத் திங்கட்கிழமை பருத்தி வந்து இறங்குகிறது.

சங்ககிரியில் இறங்கும்போது ஒன்பது மணி இருக்கும். அங்கிருந்து திருச்செங்கோடு ஆறு மைல்; பஸ்ஸுக்கு இரண்டணா. பஸ் நிறையும் வரை டிரைவர் கிளம்பவில்லை. கண்டக்டர் என் பெட்டியைக் கூரைமேல் போடத் தூக்கினார். நான் பதறிப்போய்ப் பிடுங்கினேன்.

"அப்படி என்னங்க வெச்சிருக்கறீங்க?"

"ரயில்."

அவர் டிரைவரைப் பார்த்துக் கத்தினார். "அண்ணா, கேட்டீங்களா? நம்மூருக்கு ரயிலு பஸ்ஸுல வருதாமா!"

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஆறு மைலும் குழிக்குக் குழி அதை அணைத்துப் பிடித்தேன்.

பஸ் நிற்கும் இடத்துக்குச் செங்கோடன் சவாரி வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். மதராஸில் பார்த்ததைவிடக் கறுத்திருந்தார். என்னைக் கண்டதும் அவருடைய பார்வை நேராகப் பெட்டிக்குத்தான் போயிற்று.

"குலுங்காம வந்து சேந்துச்சுங்களா?"

"எனக்குத்தான் இடுப்பு போச்சு. எஞ்சின் சௌக்கியம்."

"அது போதுமுங்க" என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

வீட்டில் அவர் மனைவி பாவாயி செம்பு நிறைய மோர் கொடுத்தார். "வாங்க சாமி. நீங்க வாரீங்கன்னு ஒரு வாரமா இவருக்குத் தூக்கமில்லீங்க. பொண்ணக் கட்டிக் குடுத்ததுல இருந்து ஊட்டுல பேச்சே இல்லாமப் போச்சு. அந்தக் கொட்டாயிக்குள்ள போனா, எனக்குச் சோத்துக்குக் கூப்பிடறதே வேலையாப் போச்சுங்க."

செங்கோடன் கொட்டகையைத் திறந்தார். தரை முழுக்க ஊர். களிமண்ணில் செய்த திருச்செங்கோட்டு மலை, படிகளோடு, கோபுரத்தோடு. அதன் அடிவாரத்தில் தகரக் கூரை போட்ட ஸ்டேஷன். சர்க்கார் இதுவரை அந்த ஊருக்கு ரயில் விடவில்லை. "கேட்டுக் கேட்டுப் பாத்தமுங்க. அப்புறம் நானே உட்டுப்போட்டேன்" என்றார். பிறகு குறைகள் வந்தன. பூனை ஸ்டேஷனுக்குள்தான் தூங்குகிறதாம். பாவாயி கூட்டும்போது சிக்னலைச் சேர்த்துக் கூட்டிவிடுகிறாராம். பங்காளிகள் எட்டிப் பார்த்துவிட்டு, டிக்கெட் எவ்வளவு என்று கேட்டுச் சிரிக்கிறார்களாம். கேட்கக் கேட்க எனக்கு உடம்பே லேசாயிற்று.

உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். என் தண்டவாளத்தின் முதல் துண்டை எடுத்து, அவருடைய பாதையின் முனையில் பொருத்தக் குனிந்தேன்.

பொருந்தவில்லை.

திருப்பி வைத்துப் பார்த்தேன். அப்போதும் பொருந்தவில்லை. என் தண்டவாளத்தின் அகலம் ஒன்றேகால் அங்குலம், அவருடையது ஒன்றேமுக்கால். ஜெர்மனிக்காரன் பெரிது, சிறிது என்று இரண்டு அளவில் செய்து விற்கிறான் என்பது எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும். எண்ணெயைப் பற்றியே அரைமணி நேரம் பேசினவர்கள், அகலம் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை. தன்னுடையதுதான் சரியான அகலம் என்று ஒவ்வொருவரும் நினைத்தால் எப்படிக் கேட்கத் தோன்றும்? காற்புள்ளி விட்டுப்போனால் கண்டுபிடிக்கிறவன் நான்.

"இத்தினியூண்டுங்களா உங்களுது?" என்றார் செங்கோடன். "இது கொளந்தைங்க வெச்சு ஆடறதாச்சுங்களே."

எனக்குச் சுருக்கென்றது. "உலகத்தில் முக்கால்வாசிப் பேர் வைத்திருப்பது இதுதான். உங்களுடையது வளைவில் திரும்பத் தேரோடும் வீதி வேண்டும்."

"உங்களுது மேட்டுல ஏறுமுங்களா?"

"ஏறும். பல்லி வளர்க்காத மேடாக இருந்தால் ஏறும்."

பிறகு அவர் தம் எஞ்சினைத் துடைத்தார். நான் என்னுடையதைத் துடைத்தேன். இருநூற்று முப்பது மைல் தாண்டி வந்தும், தனியாக உட்கார்ந்து எஞ்சின் துடைக்கிறேனே என்று நினைத்தேன். சாயங்கால வண்டிக்கே திரும்பிவிடலாம் என்று இருந்தேன்.

பாவாயி ஒரு முறம் வறுத்த கடலைக்காய் கொண்டுவந்து எங்கள் நடுவே வைத்தார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். கைக்கு வேலை வேண்டுமே என்று நான் ஒரு பிடி அள்ளி என் சரக்கு வண்டியில் போட்டு, தரையில் என் தண்டவாளத்தைக் கோத்து, சாவி கொடுத்து அதில் விட்டேன். அது ஓடிப்போய் அவருடைய பாதைக்குப் பக்கத்தில் பெருமூச்சோடு நின்றது. செங்கோடன் சற்று நேரம் அதையே பார்த்தார். பிறகு மெள்ளத் தம் வண்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்து அதன் அருகில் நிறுத்தி, என் வண்டியிலிருந்து கடலைக்காயை ஒவ்வொன்றாக எடுத்துத் தம் வண்டியில் ஏற்றத் தொடங்கினார்.

"சரக்கு மாத்தறமுங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே.

அவ்வளவுதான். அன்று பகலும் மறுநாள் பகலும் நாங்கள் இருவரும் போர்ட்டர்கள். மதராஸ் சரக்கு என் வண்டியில் வந்தது. அவருடைய வண்டி அதை மலையடிவாரத்துக்குக் கொண்டுபோயிற்று. அங்கிருந்து திரும்பிய சரக்கை நான் வாங்கிக்கொண்டேன். "ஏனுங்க, வண்டி லேட்டுங்க" என்று அவர் கடிந்துகொண்டார். மூட்டை குறைகிறது என்று நான் புகார் செய்தேன். குறைந்தது உண்மை, போர்ட்டர் தின்றுகொண்டிருந்தார்.

ஞாயிறு சாயங்காலம் சங்ககிரி வரை அவரே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். வழி முழுக்க ஏதோ யோசனையில் இருந்தார். பிளாட்பாரத்தில் என் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"அடுத்த தைக்கு எம் பாதையைப் பூராவும் பேத்துப் போட்டு, உங்க அகலத்துக்கே மாத்தீர்றனுங்க. நேரா உள்ளுக்கே ஓட்டிக்கிட்டு வரலாமுங்க."

இந்தப் பைத்தியம் பிடித்த ஒருவர் இப்படிச் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது வெளியாருக்குப் புரியாது. எனக்குக் கண் கலங்கியது.

"வேண்டாங்க. மாத்தாதீங்க."

"ஏனுங்க?"

"ஒரே அகலமாயிருந்தா, சாவி கொடுக்க ஒரு ஆள் போதும். இப்போ ரெண்டு பேர் வேணும்."

"அப்ப அடுத்த தைக்கும் கண்டிப்பா வரோணுமுங்க" என்றார். வண்டி வந்தது. பாவாயி கொடுத்தனுப்பிய கடலைக்காய்ப் பையை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினார். வண்டி நகர்ந்த பிறகும், என் கண்ணுக்குத் தெரிந்த வரை அதே இடத்தில்தான் நின்றிருந்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து அறைக்கு வந்து, தண்டவாளத்தைக் கட்டிலடியிலிருந்து கதவு வரைக்கும் போட்டேன். கீழே தெருவில் டிராம் மணி, பட்டாணி விற்பவன் குரல், ஆயிரம் பேர். இந்நேரம் செங்கோடனின் ஸ்டேஷன்மேல் பருத்தி குவிந்திருக்கும். சரக்கு வண்டியில் கடலைக்காயை நிரப்பி, சாவி கொடுத்து ஓடவிட்டேன். நேராக ஓடிக் கதவருகே போய் நின்றது. நானே எழுந்து அந்தப் பக்கம் போய்ச் சரக்கை இறக்கினேன். மாற்றி ஏற்ற எதிரே வண்டி இல்லை. கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன், பிறகு தின்றுவிட்டேன்.